புதன்கிழமை உயிரோடிருந்தவர்

அத்தியாயம் 9

பொடிசுக்கு இருபத்தேழு வயது. குறைமாதத்தில், அப்பாவின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் பிறந்ததால் வந்த பெயர் அது. வளர்ந்த பிறகும் யாரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவளும் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்பது அவளுக்கு வராது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, இறந்தவர்களைக் குறுக்கு விசாரணை செய்வது.

வாழ்க்கை வரலாறுகள் வெளியிடும் ஒரு பதிப்பகத்தில் அவள் தகவல் சரிபார்ப்பவள். ஒருவரைப் பற்றிய புத்தகம் அச்சுக்குப் போகும் முன், அவர் இறந்தபோது நாளிதழ்களில் வந்த இரங்கல் செய்திகளை எடுத்து வைத்து வரி வரியாகப் பிழை தேடுவாள். பின்னால் எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் கை வைப்பது அவற்றில்தான். அங்கே ஒரு தவறு இருந்தால் அது அதற்குள் பத்துப் புத்தகங்களில் குட்டி போட்டிருக்கும்.

இரண்டு மாதமாக அவள் மேசையில் இருப்பவர் அவளுடைய சொந்தத் தாத்தா. அம்மாவின் அப்பா. ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, வெள்ளம் வருவதை முன்கூட்டியே சொன்ன பொறியாளர். ஒரு மழைக்காலத்தில் அவர் பேச்சை நம்பி ஓர் ஊரே மேட்டில் ஏறி உட்கார்ந்தது. மறுநாள் ஊர் இல்லை. ஆட்கள் இருந்தார்கள்.

அரை அங்குலத்தை முக்கால் என்று எழுதச் சொன்னால் வேலையை விட்டுவிடுவார் என்பார்கள். ‘அளவுகோல்’ என்றுதான் அவருக்குப் பெயர். பதிப்பகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

அவர் இறந்த தேதியை உறுதி செய்ய, போன வாரம் பொடிசு மாமாவிடம் இறப்புச் சான்றிதழ் கேட்டாள். மாமா அம்மாவின் ஒரே அண்ணன். “தேடறேன் கண்ணு” என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டதற்கும் அதே பதில்தான், அதே குரலில்.

“கடைசி அத்தியாயம் முடிஞ்சுதா?” என்று அம்மா தினமும் சாயங்காலம் கேட்கிறாள்.

இன்று காலை பொடிசு பதிப்பகத்துக்குள் நுழையும்போதே, பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட் அண்ணன் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“சாவு இலாகா வந்தாச்சு. அம்மா தாயே, அளவுகோல் ஐயாவுக்கு ஒரே ஒரு கட்டம்தான் காலியா இருக்கு. போன தேதியை மட்டும் சொல்லிடு. பூட்டு போட்டுட்டு நான் வீட்டைப் பார்க்கப் போறேன்.”

“இன்னும் ஒரு தொகுதி பார்க்கணும்ணா.”

“மூணு பேப்பர்லயும் ஒரே தேதிதானே இருக்கு? இன்னும் என்ன சந்தேகம்?”

அதுதான் சந்தேகமே.

மூன்று நாளிதழ்களும் மற்ற எதிலும் ஒத்துப்போகவில்லை. ஒன்று, அவரை அவர் தம்பிக்குப் பிறகு பிறக்க வைத்திருந்தது. இன்னொன்று, கட்டக்கூடாது என்று அவர் கடைசிவரை எதிர்த்த அணையை அவரே கட்டியதாகப் பாராட்டியிருந்தது. மூன்றாவது, ‘திருமணம் செய்துகொள்ளாமல் பணிக்கே தம்மை அர்ப்பணித்தவர்’ என்று எழுதி, இரண்டு வரி தள்ளி, ‘இவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் உள்ளனர்’ என்று முடித்திருந்தது. அதைப் படித்துவிட்டு லேஅவுட் அண்ணன் அரை மணி நேரம் சிரித்தார்.

இப்படி ஆளுக்கொரு திசையில் இழுத்தவர்கள், இறந்த நாளில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள். செவ்வாய்க்கிழமை இரவு.

பதிப்பாசிரியரை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்த அன்று மேடம் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான். “ஒரு இரங்கல் செய்திக்கு இன்னொரு இரங்கல் செய்தி சாட்சி ஆகாதும்மா. எல்லாம் ஒரே வாயிலேருந்து வந்திருக்கும். அழாத ஆள் எழுதினது எதாவது இருக்கான்னு பாரு.”

அழாத ஆள் என்றால், அவர் இறக்கப்போவதோ இறந்ததோ தெரியாமல் எழுதியவர்.

பொடிசு அந்த வாரத்து நாளிதழ்களின் மற்ற பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தைத்துக் கட்டிய பெரிய தொகுதி. திருப்பினால் தாள் ஓரம் பொடிந்து விரலில் ஒட்டியது. சினிமா விளம்பரம், காணவில்லை அறிவிப்பு, சைக்கிள் திருட்டு. வியாழக்கிழமை இதழின் மூன்றாம் பக்கத்தில், கீழ் மூலையில், ஒரு சின்னச் செய்தி.

‘நேற்று நண்பகலில் இருந்து ஆற்றில் நீர் வேகமாக உயர்ந்து வருகிறது. இதுகுறித்து, மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவரும் ஓய்வுபெற்ற பொறியாளர் நேற்று மாலை நமது நிருபரிடம் கூறுகையில், நீர் இன்னும் உயரும் என்றும், ஆனால் கரையைத் தாண்டாது என்றும், விடிவதற்குள் வடியத் தொடங்கும் என்றும் தெரிவித்தார்.’

அந்தப் பொறியாளரின் பெயராகத் தாத்தாவின் பெயர் அச்சாகியிருந்தது.

வியாழக்கிழமை இதழில் ‘நேற்று’ என்றால் புதன்.

அவள் அவசரப்படவில்லை. ‘நேற்று’ என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. முதல் நாள் எழுதி, இடமில்லாமல் தள்ளிப்போட்டு, மறுநாள் அப்படியே அச்சேறிய செய்திகள் எத்தனையோ. செவ்வாய்க்கிழமை இதழையும் புதன்கிழமை இதழையும் எடுத்து ஆற்றைத் தேடினாள். செவ்வாயன்று ஆறு கணுக்கால் ஆழம். மேலே மலையில் மழை பிடித்ததே அன்று நள்ளிரவில்தான். புதன் நண்பகலுக்கு முன்னால் இப்படியொரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டிருக்க முடியாது.

செவ்வாய் இரவு இறந்தவர், புதன் மாலை ஆற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அவள் தொகுதியைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் இரண்டு முறை படித்தார். பின்னாலேயே வந்த லேஅவுட் அண்ணன் தோள் வழியாக எட்டிப் பார்த்தார்.

“அப்போ புதன். அவ்வளவுதானே? ஒரு நாள் முன்னே பின்னே. மாத்திடறேன்.”

பொடிசு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“என்னம்மா, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?” என்றார் மேடம்.

“எங்கம்மாவுக்கு புதன்கிழமை காலையில ஃபோன் வந்துச்சு மேடம். நேத்து ராத்திரியே தாத்தா போயிட்டார், எல்லாம் முடிஞ்சுடுச்சுன்னு.”

மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“அம்மா அப்போ வேற ஊர்ல இருந்தாங்க. பகல் ரயில் ஒண்ணு உண்டு. ஏறியிருந்தா சாயங்காலம் போய்ச் சேர்ந்திருப்பாங்க.” அவள் நிறுத்தினாள். நீளமாகப் பேசினால் அவளுக்கு மூச்சு முட்டும். “அம்மா எப்பவும் ஒண்ணு சொல்வாங்க. ‘நான் கிளம்பியிருந்தாலும் அவரைப் பார்த்திருக்க முடியாது. முடிஞ்சப்புறம்தான் எனக்குச் சேதியே வந்துச்சு’ன்னு. அதை வெச்சுத்தான் இத்தனை வருஷமா தன்னைத்தானே தேத்திக்கிட்டாங்க.”

லேஅவுட் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

மேடம் தொகுதியை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். “நாளைக்குக் காலையில புத்தகத்தோட கடைசிப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகணும். நான் உன்னை அவசரப்படுத்தலை. ஆனா தெரியாம தப்பு போட்டா அது பிழை. தெரிஞ்சு போட்டா அதுக்கு வேற பேரு. உனக்கே தெரியும்.”

“தெரியும் மேடம்.”

“தேதி கொடுத்தது யாரு? அந்த மூணு பேப்பருக்கும்?”

“மாமாவாத்தான் இருக்கணும்.”

“போய்க் கேட்டுட்டு வா.”

கேட்பது அவளுக்கு வராது. ஆனாலும் போனாள்.

மாமா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரின் மறுகோடியில், மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் ஓர் ஒடுக்கமான கடை. சுவர் முழுக்கக் கண்ணில்லாத கண்ணாடிகள். பொடிசு போனபோது நாற்காலியில் பெரியவர் ஒருவர், மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். மாமா அதில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

“கடைசி வரி தெரியுதா?”

“கடைசி வரியா? சுவரே இப்பத்தான் தெரியுது தம்பி.”

“இப்போ?”

“இப்போ உங்க முகம் தெரியுது. முந்தினதே தேவலை.”

மாமா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். வாசலில் பொடிசைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றது, ஆனால் கண் முதலில் அவள் கையிலிருந்த தாளுக்குத்தான் போனது.

பெரியவர் எழுந்து போகும்வரை அவள் காத்திருந்தாள்.

“சான்றிதழ் இன்னும் கிடைக்கலை கண்ணு. பரண்ல ஏறணும். முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது.”

“பரவாயில்ல மாமா. வேண்டாம்.”

“ஏன், வேற எங்கேயாவது கிடைச்சுடுச்சா?”

அவள் அந்த மூலைச் செய்தியின் நகலைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். மாமா அதைப் பக்கத்தில் இழுத்துப் படித்தார். படித்து முடித்த பிறகும் குனிந்தே இருந்தார். அப்புறம் போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, பெரியவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இதைப் போட்டுட்டானா?”

“ம்.”

“அந்த ஆள் வந்தது ஞாபகம் இருக்கு. மழையில நனைஞ்சு, கையில ஒரு பேனா, தலையில ஒரு கைக்குட்டை. பேப்பர்ல வந்தது இன்னைக்குவரைக்கும் எனக்குத் தெரியாது.” மாமா நகலை விரலால் தடவினார். “நான் அப்பா காதுல சொன்னேன். ‘அப்பா, உங்களைச் செத்துட்டதா சொல்லியாச்சு. செத்தவர் பேட்டி கொடுக்கலாமா?’ன்னு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘டேய், ஆத்தைப் பத்திக் கேக்கறான்டா’ன்னார்.”

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. பொடிசு பார்வையை விலக்கிச் சுவரைப் பார்த்தாள்.

“யார் மாமா அப்படிச் சொல்லச் சொன்னது?”

“அவர்தான்.”

“தாத்தாவா?”

“பின்னே எனக்கு அந்தப் புத்தி எங்கே வரும்?” மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்குக் காலையில டாக்டர் கட்டிலை விட்டு நாலடி தள்ளி நின்னு, இன்னைக்கோ நாளைக்கோன்னு எங்கிட்ட சொன்னார். அப்பாவுக்குப் பாம்புக் காது. கேட்டுடுச்சு. உடனே உங்கம்மாவைப் பத்திதான் பேச்சு. உங்கம்மாவுக்கு உனக்கு முன்னாடி ரெண்டு தங்கலை. உன்னையாவது காப்பாத்தணும்னு படுக்கையை விட்டு இறங்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. நான், ‘சீரியஸா இருக்குன்னு மட்டும் சொல்லி வைக்கிறேம்பா’ன்னேன்.”

“தாத்தா?”

“‘எம்பொண்ணை எனக்குத் தெரியாதாடா? உயிர் இருக்குன்னா ஓடி வருவா. யார் பேச்சும் ஏறாது. முடிஞ்சுபோச்சுன்னா உட்கார்ந்து அழுவா. அழட்டும். நேத்து ராத்திரியே போயிட்டேன்னு சொல்லிடு’ன்னார்.”

“சொல்லிட்டீங்க.”

“சொல்லியாச்சு.”

“பேப்பருக்கும்?”

“உங்கம்மா கேட்டு வாங்கிப் படிப்பாளே. மாத்திச் சொல்ல முடியுமா? மூணு பேரும் ஃபோன் பண்ணாங்க. மூணு பேருக்கும் செவ்வாய்னேன். மத்ததெல்லாம் அவங்க இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டாங்க.”

ஆயுள் முழுவதும் ஒரு கோட்டைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாதவர், தன் விஷயத்தில் ஒரு முழு நாளைக் குறைத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த நாள் முழுக்க, இறந்தவராகப் படுத்திருந்திருக்கிறார். யாரோ வந்து ஆற்றைப் பற்றிக் கேட்டதும் அது மறந்துபோயிருக்கிறது.

“எங்கப்பாவுக்கு இது தெரியுமா மாமா?”

மாமா மேசைமேல் கிடந்த வில்லை ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “அதை உங்கப்பாகிட்ட கேளு.”

“அப்புறம் என்ன ஆச்சு? அன்னைக்கு?”

“அப்புறம் என்ன. பூரா நேரமும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார்.” மாமா இதை மிகச் சாதாரணமாகச் சொல்ல முயன்றார். “நடையில யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தலை திரும்பும். ‘அப்பா, அவ வரமாட்டா, சொல்லியாச்சே’ன்னேன். ‘தெரியும்டா’ன்னார். அடுத்த செருப்புச் சத்தத்துக்கும் திரும்பினார். ராத்திரி விளக்கை அணைக்கிற வரைக்கும் அப்படித்தான். அப்புறம் போயிட்டார்.”

பொடிசு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அடியில் வரிசையாகக் கண்ணாடிச் சட்டங்கள். எல்லாம் மங்கலாகத் தெரிந்தன.

“என்னாலதான்,” என்றாள்.

“பைத்தியமே. வயித்துல இருந்த பிள்ளை என்ன பண்ணும்?” மாமா எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். “இந்தா பாரு பொடிசு. எனக்குக் கூடப்பிறந்தது அவ ஒருத்திதான். இது தெரிஞ்சா அப்புறம் என் முகத்துல முழிப்பாளா? ஒரு நாள்தானே. புத்தகம் படிக்கிற எவனுக்கு அது ஒரு கணக்கு? விட்டுடு. அது அப்பாவே சொன்ன தேதி. அவர் அளந்து கொடுத்ததை நீ திருத்துவியா?”

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மாமா ஷட்டரைத் தூக்கிவிட்டார். வெளியே வெயில் அப்படியே இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாமாவின் கேள்வி கூடவே வந்தது.

அந்தத் தேதி ஒரு காரணத்துக்காகச் சொல்லப்பட்டது. ஒரு பெண் படுக்கையை விட்டு எழுந்து ரயிலேறாமல் இருக்க. வயிற்றிலிருக்கும் ஓர் உயிர் தங்க. அது தங்கிவிட்டது. படித்துப் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், இப்போது சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறது. பொய்யின் வேலை என்றைக்கோ முடிந்துவிட்டது. அதன் பிறகும் யாரும் அதை வீட்டுக்கு அனுப்பவில்லை.

அம்மா வருடா வருடம் ஒரு தேதியில் மத்தியானம்வரை யாரோடும் பேச மாட்டாள். அது அவள் அப்பா உயிரோடு இருந்த ஒரு நாள். மறுநாள் எழுந்து சமைத்துவிட்டு, மற்றவர்களைப் போல வேலையைப் பார்ப்பாள். அவர் போனது அந்த நாளில்.

அம்மாவின் அப்பாவுக்கு இன்னும் ஒரு நாள் ஆயுள் இருந்தது. நல்லதோ கெட்டதோ, அந்த நாள் அம்மாவுக்குச் சேர வேண்டியது. அதைப் புத்தகக் கடையில் காசு கொடுத்து வாங்கி, கடைசிப் பக்கத்தில் அவள் தெரிந்துகொள்ளக்கூடாது.

வீட்டு மாடிப்படியின் திருப்பத்தில் நின்று பொடிசு மேடத்துக்கு ஃபோன் போட்டாள்.

“புதன் போட்டுடுங்க மேடம்.”

“சான்று?”

“மாமா ஒத்துக்கிட்டார்.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “அம்மாகிட்ட?”

“இப்போதான் போறேன்.”

“பொடிசு,” என்றார் மேடம். அவர் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. “மெதுவா சொல்லு.”

கதவு திறந்துதான் இருந்தது. அம்மா ஜன்னலடியில் தையல் மிஷினில் யாருடைய திரைச்சீலைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மேசை மின்விசிறியைக் கழற்றிப் போட்டிருந்தார். மின்வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எதையும் கடைக்கு எடுத்துப்போக விடமாட்டார்.

“வாம்மா. இந்த ஃபேனுக்கு உங்கம்மா நேத்தே இறுதி அஞ்சலி செலுத்திட்டா. நான் ஒருத்தன்தான் இன்னும் நாடி பிடிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“நாடி பிடிக்கிறேன்னு இருந்த ரெண்டு ஸ்க்ரூவையும் தொலைச்சாச்சு,” என்றாள் அம்மா திரும்பாமலே. “ஏண்டி, கடைசி அத்தியாயம் முடிஞ்சுதா?”

“அம்மா, மிஷினை நிறுத்தேன்.”

“இந்த ஓரம் முடிச்சுடறேன்.”

“நிறுத்தும்மா.”

மிஷின் நின்றது. பொடிசு அம்மாவின் எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பஸ்ஸில் யோசித்து வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

“தாத்தா செவ்வாய்க்கிழமை போகலைம்மா.”

“செவ்வாய்தான். எனக்குத் தெரியாதா? புதன் காலையில ஃபோன் வந்துச்சே.”

“ஃபோன் வந்தப்போ தாத்தா இருந்தார். புதன் ராத்திரிதான் போனார்.”

அம்மா அவளையே பார்த்தாள். பொடிசு எல்லாவற்றையும் சொன்னாள். மூலைச் செய்தி, ஆறு, மாமாவின் கடை, டாக்டர் கட்டிலுக்குத் தள்ளி நின்று சொன்னது, தாத்தா சொல்லச் சொன்னது. அம்மா நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. திரைச்சீலையின் ஒரு நூலை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிக்கொண்டிருந்தாள்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததை மட்டும் பொடிசு சொல்லவில்லை. சரிபார்க்கிற வேலைக்கு வந்த பிறகு, தெரிந்த ஒன்றை அவள் விட்டது அதுதான் முதல் தடவை.

“என்னைத் தேடினாரா?” என்றாள் அம்மா.

பொடிசு தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்லுடி. தேடினாரா?”

“ம்.”

“எப்படி?”

“வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தாராம்.”

அம்மா அழவில்லை. அழுதால் தேவலை என்றிருந்தது. விரலிலிருந்த நூலை மெல்லப் பிரித்தாள். அது பதிந்த இடத்தைத் தேய்த்துவிட்டாள்.

“பாவி அண்ணன். இத்தனை வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டு எப்படித்தான் என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டான்?” என்றாள். குரலில் கோபம் இல்லை. அப்புறம் ஏதோ கணக்கு இடிப்பது போல நெற்றியைச் சுருக்கினாள். “ஆனா அண்ணன் எங்கிட்ட பேசவே இல்லியே.”

அப்போதுதான் பொடிசு கவனித்தாள். வெகுநேரமாக அப்பாவிடமிருந்து சத்தமே இல்லை.

“என்னங்க,” என்றாள் அம்மா. “ஃபோன் முன்னறையில இருந்துச்சு. எடுத்தது நீங்க. உள்ளே வந்து, கட்டில்ல உட்கார்ந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது நீங்க. அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னான்?”

அப்பா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைச் செய்தித்தாளின் மேல் வைத்தார்.

“உங்கண்ணன் ஒண்ணும் சொல்லலை.”

“பின்னே?”

“நம்பர் போட்டது அவன்தான். நர்ஸ் மேசையில இருந்த ஃபோனை வயரோட கட்டில்கிட்ட இழுத்து வெச்சிருக்கான். அவனால பேச முடியலை. அழுதுட்டான்.” அப்பா நிமிரவே இல்லை. “அதுக்கப்புறம் பேசினது அவன் இல்லை.”

மாமா ஒரு தடவைகூட ‘உங்க வீட்டுக்கு நான்தான் சொன்னேன்’ என்று சொல்லவில்லை. பொடிசுக்கு அது இப்போதுதான் உறைத்தது. சொல்லியாச்சு என்றார். அவ்வளவுதான்.

அம்மா எழுந்து நின்றாள். திரைச்சீலை மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது.

“எங்கப்பாவா?”

அப்பா ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

“எங்கப்பா பேசினாரா? உங்ககிட்டயா?”

“ரொம்ப மெதுவாத்தான் பேசினார். நடுவுல நடுவுல நிறுத்தி நிறுத்தி.”

“நான் பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன்,” என்றாள் அம்மா. அதை அவருக்கு நினைவுபடுத்துவது போலச் சொன்னாள். “கதவு திறந்துதான் இருந்துச்சு. ‘யாரு ஃபோன்ல?’ன்னு நான் கேட்டேன். ‘ஆஃபீஸ்லேருந்து’ன்னு சொன்னீங்க.”

“காதுல கொடுத்தா நீ கிளம்பியிருப்பே.”

“ஆமா. கிளம்பியிருப்பேன்.”

“அவர் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்மா.”

“அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க வேண்டாம். என்னைப் பேச விட்டிருக்கவும் வேண்டாம். ரிசீவரைச் சும்மா என் காதுல வெச்சிருக்கலாம். அவர் மூச்சு விடறதைக் கேட்டிருப்பேன்.” அம்மாவின் குரல் அங்கேதான் உடைந்தது. “எங்கப்பா மூச்சு எனக்குத் தெரியாதா?”

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். முடியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றியபடி அப்படியே இருந்தார். பொடிசு அவரைப் பிடிக்கப் போனாள். அம்மா கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

அம்மா அவருக்கு எதிரில், கழற்றிப் போட்ட இறக்கைகளுக்கும் திருகாணிகளுக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்தாள்.

“என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாம எனக்கு வேணும். அவர் நிறுத்தின இடமெல்லாம்கூட வேணும்.”

அப்பா பொடிசைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை.

“அவளைப் பார்க்காதீங்க,” என்றாள் அம்மா. “என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”